காவியுஸின் முதல் தாடி

மார்ச் 4

வீட்டுச் சாமி மாடத்தில் பூ மாற்றும்போது வெண்கலச் சிமிழைத் துடைத்தேன். பேரன் காவியுஸ் முதன்முதலாக முகம் மழித்தபோது விழுந்த முடி, சாமிக்கு வைத்தது. பக்கத்து வீட்டு ஹோஸ்டிலியா அன்றைக்கே சிரித்தாள்: "இது தாடியா அத்தை? எங்க பூனை உதிர்க்கிறதே இதைவிட அதிகம்!"

என் மகள் விட்டுப்போன தாயில்லாப் பிள்ளை. நான் வளர்த்தேன். இப்போது டான்யூப் கரையில் மூன்று படைகளுக்குத் தளபதி. கடிதம் வந்து இரண்டு வருடமாகிறது.

ஏப்ரல் 19

வீரர்கள் அவனுக்குச் செவ்வூதா அங்கி போர்த்திப் பேரரசன் என்று கூவிவிட்டார்களாம். ஐந்தே வருடம் எழுத்துப் படித்தவள் வளர்த்த பிள்ளை!

மே 2

ரோமுக்குப் படையோடு போகிறான், நம் ஊர் வழியாக. தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். பாலாடைக்கட்டி பிசைந்து, தேன் ஊற்றி, அவனுக்குப் பிடித்த பணியாரம் சுட்டேன். வந்தவர்களுக்கெல்லாம் சிமிழைத் திறந்து காட்டினேன்.

மே 6

வரவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கச் சாலையில் போய்விட்டான். அரைநாள் நடை.

"ஆள் அனுப்பியிருந்தான், அவசரமாம்" என்றேன் ஹோஸ்டிலியாவிடம். பொய்.

பணியாரம் கல்லாகிவிட்டது.

ஜூலை 11

ரோம் பணிந்துவிட்டது. சந்தைத் திடலில் அவன் சிலை. உடம்பு பழைய அரசனுடையது, தலையை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். இடது காதில் வாத்து கொத்திய தழும்பு இல்லை. யாரிடம் சொல்ல? தினமும் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருகிறேன்.

அக்டோபர் 8

கொன்றுவிட்டார்கள். காவலுக்கு நின்றவன்களே. குளித்துவிட்டு வெளியே வந்தபோதாம். உடம்பை ஆற்றில் —

அக்டோபர் 9

அவன் பெயரைச் சொல்லக் கூடாது. அழக் கூடாது. அவனுடையது எதுவும் எந்த வீட்டிலும் இருக்கக் கூடாது. புது அரசனின் ஆணை என்று திடலில் கூவிச் சொன்னார்கள்.

அடக்கம் செய்யாத பிள்ளை எங்கே போய் நிற்கும்? ஒரு விரல் கிடைத்தால்கூடச் சடங்கு செய்துவிடலாம். சிமிழ் இருக்கிறது. ஆனால் தெருவே அதைப் பார்த்திருக்கிறதே. காட்டியது யார்? நான்தானே? என் பெருமையில் இடி விழ!

அக்டோபர் 11

நூற்றுவர் தலைவன் நான்கு பேரோடு வந்தான்.

"கெழவி, சிமிழ் ஒண்ணு வச்சிருக்கியாமே. எடு."

கொடுத்தேன். அடுப்பில் கொட்டினான். கருகிய நாற்றம்.

"அவன் உனக்கு யாரு?"

"யாருமில்லைய்யா."

சொல்லிவிட்டேன். இந்த வாயால்.

அவர்கள் போனதும் ஹோஸ்டிலியா பூனையை இடுக்கிக்கொண்டு வந்தாள். "நேத்து கத்தரிச்சதுல வாலு மொட்டையாயிடுச்சு அத்தை. வெளியே போகவே வெக்கப்படுது, பாருங்க."

சிரித்தேன். பிறகு அழுகை வந்தது. அவள் போய்க் கதவைச் சாத்தினாள்.

காவியுஸ் நான் போர்த்தியிருந்த துணியின் முனையில், முடிச்சில், பத்திரமாக இருந்தான்.

பிப்ரவரி 16

இறந்தவர்களுக்குப் படைக்கும் நாட்கள். திடல் வழியாகத்தான் போனேன். அந்த உடம்புக்குப் புதுத் தலை வந்திருக்கிறது. நிற்கவில்லை.

மகள் கல்லறையின் ஓரத்தில், இருட்டில் நான் தோண்டி மூடிய இடத்தில் புல் முளைத்துவிட்டது. உப்பும் வயலெட் பூவும் வைத்து, ரொட்டியை மதுவில் நனைத்து வைத்தேன்.

பக்கத்துக் கல்லறைக்கு வந்த பெரியவர் எட்டிப் பார்த்தார். "ஒரு ஆளுக்கு ரெண்டு ரொட்டியாம்மா?"

"என் மகளுக்குப் பசி அதிகம்" என்றேன்.