சூப்பர்வைசரின் மூக்கு

அன்புள்ள அப்பாவுக்கு, வைஷ்ணவி திருப்பூரிலிருந்து வணக்கத்துடன் எழுதுவது. மணமேல்குடியில் எல்லோரும் சுகமா? உங்கள் மூட்டுவலி தேவலையா?

தைராய்டு மாத்திரையின் அளவைக் கூட்டியதிலிருந்து எனக்குக் காய்ச்சலும் குளிரும் வந்து வந்து போகிறது. நேற்று தையல் மெஷின்மேலேயே தலை சாய்ந்துவிட்டேன். சூப்பர்வைசர் என் முடியைப் பிடித்துத் தூக்கி, "தெனமும் நடிக்கிறியாடி?" என்று அறைந்தான். உதடு கிழிந்தது. கத்தரிக்கோலின் பிடியால் அவன் மூக்கை உடைத்துவிட்டேன். மறுபடி கை ஓங்கியவனை என்னோடு வேலைபார்க்கும் பெண்கள் கீழே தள்ளி மிதித்தார்கள். முதலாளி அவனை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்.

டாக்டர் ரத்தம் சோதித்து மாத்திரையைக் குறைத்திருக்கிறார். போர்த்திக்கொள்ள அம்மாவிடம் பழைய சேலை ஒன்று வாங்கி அனுப்புங்கள்.

கம்பெனி வண்டி வந்துவிட்டது. கோபத்தில் அரிவாளோடு பஸ் ஏறிவிடாதீர்கள். வருவதானால் வெறுங்கையோடு வாருங்கள், அப்பா. கொஞ்ச நேரம் பக்கத்தில் இருந்தால் போதும்.

வைஷ்ணவி