வெளுக்காத பால்

ஸ்ரீவில்லிபுத்தூர்,
19 பிப்ரவரி 1939.

அன்புள்ள ரத்தினம் அக்காவுக்கு,

பால் சோதனையைப் பற்றி இனி எழுத வேண்டாம் என்று சொல்லியிருந்தீர்கள். எழுதுகிறேன், மன்னியுங்கள்.

இராஜபாளையத்தில் அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். பால் நீலமா இருந்தா என்ன, வெள்ளையா இருந்தா என்னட்டி, காப்பிக்கு ஆகுமான்னு பாரு என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன கடிதத்தில் பதற்றத்தில் உளறிவிட்டேன். ஒழுங்காகச் சொல்கிறேன். பச்சைப் பாலில் நீலச் சாயமும் பார்மலினும் விட்டு வெந்நீரில் வைத்தால், பாலிலுள்ள என்சைம் பத்து நிமிஷத்தில் நீலத்தைப் போக்கிவிடும். சென்னையிலிருந்து நீங்கள் அனுப்பிய ஐந்து சீசா மருந்துகளில் எது அந்த என்சைமைத் தடுக்கிறது என்று பார்க்கச் சொன்னீர்கள். ஐந்துமே தடுத்தன. நீலம் அப்படியே நின்றது. பள்ளிக்கூட லேபில் தனியே நின்று கைகொட்டினேன்.

பால் கொண்டுவரும் மாடத்தி, பொங்கலுக்குப் பிறகு பாலை ஒரு கொதி விட்டே கொண்டுவந்திருக்கிறாள். செம்பு சூடாக இருந்ததைக் கறந்த சூடு என்று நினைத்துவிட்டேன். போன வாரம் கேட்டதற்கு, பச்சப் பாலக் குடிச்சு டீச்சருக்கு வயித்தால போச்சுன்னா ஊர்ல என்னையதான ஏசுவாவ என்றாள். கொதித்த பாலில் என்சைம் செத்துவிடும். பிறகு தடுக்க என்ன இருக்கிறது? எதுவும் சேர்க்காத பாலையும் தினமும் கூடவே வைத்திருந்தால் அன்றே பிடிபட்டிருக்கும். பொங்கலுக்கு முன், முதல் நாள் அது சரியாக வெளுத்தது; சாயம் தீர்ந்துவிடுமே என்று அத்தோடு நிறுத்தினேன். தவறு அவளுடையதல்ல, என்னுடையது.

இப்போது கறக்கும் இடத்தில் நானே நின்று பால் வாங்கி, எல்லாவற்றையும் திரும்பச் செய்தேன். நான்கு சீசாக்கள் ஒன்றும் செய்யவில்லை. இரண்டாவது மட்டும் நாற்பது நிமிஷம் நீலத்தை நிறுத்துகிறது. மூன்று முறையும் அப்படித்தான். புதிய அட்டவணை இத்துடன் இருக்கிறது.

அடுத்த மாத விஞ்ஞானக் கூட்டத்தில் பழைய அட்டவணையையே வாசிக்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். யாரும் சரிபார்க்கமாட்டார்கள், ஒரு பெண் பிசகினாள் என்று தெரிந்தால் அடுத்தவளை லேபுக்குள் விடமாட்டார்கள் என்கிறீர்கள். அடுத்தவளுக்குப் பொய் அட்டவணையைப் படிக்கக் கொடுத்துவிட்டு என்ன கதவு திறக்கப்போகிறோம்? சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அதிலிருந்து என் பெயரை மட்டும் எடுத்துவிடலாம் என்றாலும் சம்மதிக்கமாட்டேன். அது என் வேலை, தவறும் சேர்த்து.

எனக்குப் பிப்பெட் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் நீங்கள். உங்களைக் கர்த்தர் நன்றாக வைத்திருக்கட்டும் என்றுதான் இன்றும் ஜெபித்தேன்.

வகுப்பில் எழுந்து பதில் சொல்லவே நடுங்கியவள் நான். ஆனாலும் கேட்கிறேன். புதிய அட்டவணையை வாசிக்க உங்களுக்கு மனமில்லை என்றால், அந்தக் கூட்டத்தில் எனக்குப் பத்து நிமிஷம் வாங்கிக்கொடுங்கள் அக்கா. நானே வந்து வாசிக்கிறேன்.

தங்கள்,
ச. ஜெயக்கொடி