கடைசிப் பத்துக் கேள்விகள்

அரியலூர்,
வியாழன் காலை

என்னங்க,

நேரில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் உங்கள் சாப்பாட்டுக் கேரியரில் இதை வைக்கிறேன்.

போன வருஷம் எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வில் கேள்விகள் கஷ்டம் என்று நான் சொன்னது பொய். தேர்வறைக்கு வெளியே பாப்பா பாலுக்கு அழுவதுபோல் கேட்டது, ரவிக்கை நனைந்துவிட்டது. கடைசிப் பத்துக் கேள்விகளைப் படிக்காமலே எழுந்து வந்துவிட்டேன். "இன்னொருவாட்டி எழுதேன்டி" என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் அதனால்தான் பேச்சை மாற்றினேன்.

மூன்று நாளாக மாரில் வேப்பெண்ணெய் தடவிப் பாப்பாவுக்குப் பால் மறக்கடித்தேன். அவளைவிட நான்தான் அதிகம் அழுதேன். இன்று காலை அவளே டம்ளரை நீட்டி, "ம்மா, பாலு ஊத்து" என்றாள். குடித்துவிட்டு என் மாரைத் தட்டி, "கச்சக்கும்!" என்று எனக்கே புத்தி சொல்கிறாள், கழுதை!

சிரித்துக்கொண்டே விண்ணப்பம் போட்டுவிட்டேன். தேர்வன்று லீவு போட்டுவிடுங்கள். இந்த முறை மணி அடிக்கும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன்.

உங்கள் மகளின் அம்மா