ஜென்சி அனுப்பிய வாய்ஸ் நோட்

அக். 6, திங்கள்

காலையிலிருந்து தூறல். மாடம்பாக்கம் ரோடு முழுக்கச் சேறு. தாம்பரத்தில் ரயிலில் உட்கார இடம் கிடைத்தது, அதிசயம். காலேஜ் வரை ரீல்ஸ். இறங்கும்போது என்ன பார்த்தேன் என்று ஒன்றுகூட நினைவில்லை.

வழியில் ஜென்சியிடமிருந்து வாய்ஸ் நோட். முதல் வருடத்திலிருந்து வகுப்பில் எனக்குப் பக்கத்து சீட். எதையும் இரட்டை வேகத்தில் கேட்டுத்தான் எனக்குப் பழக்கம். அதிலும் பாதிதான் கேட்டேன். வழக்கம்போல் பஸ் கூட்டத்தைத் திட்டுகிறாள் என்று சிரிக்கிற எமோஜி வரிசையாகப் போட்டேன். வகுப்புக்கு வரவில்லை அவள்.

வாங்க வேண்டியவை: ரெக்கார்ட் நோட், குடை, தலைவலி மாத்திரை.

அக். 7, செவ்வாய்

ஜெ. இன்றும் வரவில்லை. கேன்டீனில் அந்த வாய்ஸ் நோட்டை முழுக்க, சாதாரண வேகத்தில் கேட்டேன். அழுகை.

"அட்டெண்டன்ஸ் ஷார்ட்டேஜ்டி. செமஸ்டர் எழுத விட மாட்டாங்களாம். நைட்டெல்லாம் போன்லயே கெடக்குறேன், காலைல எழுந்துக்கவே முடியல. அம்மாகிட்ட என்னன்னு சொல்றது? இருக்கவே பிடிக்கல. கொஞ்சம் பேசுடி."

இதற்குத்தான் சிரித்திருக்கிறேன். கூப்பிட்டேன், எடுக்கவில்லை. பதில் வந்ததா என்று பார்க்கத்தான் போனைத் திறக்கிறேன். திறந்ததும் விரல் வேறெங்கோ போகிறது. நிமிர்ந்தால் ஒரு பீரியடே முடிந்திருக்கிறது. என்ன ஜென்மம் நான்.

அக். 8, புதன்

காலேஜுக்கு மட்டம். பஸ் பிடித்துக் கேளம்பாக்கம், ஜெ. வீடு. கதவைத் திறந்தது அவள் அம்மா. ஐ.டி. கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங், ஷிப்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"வாம்மா. ஜொரம்னு சொல்லிகினு படுத்தே கீறா. போனை மட்டும் வுட மாட்றா. நீயாச்சும் இன்னான்னு கேளு."

பாவம், ஒன்றும் தெரியாது அவருக்கு.

ஜெ. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். ஸாரி சொன்னேன்.

"பரவால்லடி. உனக்கு மட்டும்தான் அனுப்பினேன்."

நாலு அறை விட்டிருக்கலாம். தாங்கியிருப்பேன். டிபார்ட்மென்ட்டில் நான் பேசுகிறேன், எப்போது கூப்பிட்டாலும் எடுப்பேன், சத்தியம் என்றேன். தலையை மட்டும் ஆட்டினாள்.

அக். 9, வியாழன்

ஜெ. விஷயமாக டிபார்ட்மென்ட் மேடத்தைப் பார்த்தேன். "நாளைக்கு அவங்க அம்மாவ கூட்டிட்டு வரச் சொல்லும்மா, பார்க்கலாம்." ஜெ.க்கு மெசேஜ் போட்டேன். புளூ டிக். பதில் இல்லை. அம்மாவிடம் சொல்ல வேண்டுமே என்றுதான் பயப்படுவாள்.

போனைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். ஜெ. கூப்பிட்டால் என்று உடனே எடுத்துவிட்டேன். அது உண்மையா, சாக்கா? எனக்கே தெரியவில்லை. என் அம்மா வேறு: "சாப்பிடும்போதாவது அதைக் கீழ வைடி."

கண் எரிச்சல். அசைன்மென்ட் தொடவே இல்லை. தலைக்கு மேல் போயாயிற்று, இனி சாண் என்ன, முழம் என்ன.

அக். 10, வெள்ளி

சாயங்காலம். மழை வலுத்துவிட்டது. மேடத்தைப் பார்க்க ஜெ. வரவில்லை, அவள் அம்மாவும் வரவில்லை.

வீட்டுக்கு வந்து கட்டிலில் போனோடு. ரீல் ஓடும்போது ஜெ. கூப்பிட்டாள், மேலே பெயர் வந்தது. கண் பார்த்தது. அதற்குள் கட்டைவிரல் தள்ளிவிட்டது, எல்லாவற்றையும் தள்ளுகிற மாதிரியே. அடுத்த ரீலையும் பார்த்தேன். பிறகுதான் உறைத்தது.

கூப்பிட்டேன். ஸ்விட்ச்டு ஆஃப். மறுபடி. ஸ்விட்ச்டு ஆஃப்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டவில்லை. "மொதல்ல அவங்க அம்மாவுக்குப் போன் போடு" என்றார். நம்பர் இல்லை என்றேன். "கெளம்பு, நேர்ல போலாம்."

ரெயின்கோட் தேடிக்கொண்டிருக்கிறார். கை மறுபடி ரீல்ஸ் பக்கம் போகாமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன். புதன்கிழமை அந்த அம்மா வாசலில் என் எதிரே நின்று பேசினார். நம்பர் கேட்கத் தோன்றவில்லை எனக்கு.