பல் டாக்டர் 'பதினொன்றாம் நம்பர் வீடு' பார்த்த மாதம்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் இரண்டு கடைவாய்ப்பல் பிடுங்கினேன், ஒரு பல் செட்டுக்கு அச்சு எடுத்தேன். மாலையில் நாலு பேர். வீட்டுக்கு வந்தபோது எட்டேகால். மனைவி வழக்கம்போல 'பதினொன்றாம் நம்பர் வீடு' பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சின்ன ஊர், அதில் ஒரு பூட்டுக்கடைக்காரர், அவர் குடும்பம். நாலு வருடமாக ஓடுகிறது. நாலு வருடமாக நான் அதன் முதுகுப்பக்கமாக நடந்துபோய்த் தட்டில் சாப்பாடு போட்டுக்கொள்கிறேன்.

விளம்பரம் வந்ததும் திரும்பினாள். "முப்பதாம் தேதி பொண்ணு வீட்டுக்குப் போறேன்."

"எப்ப திரும்பி வருவ?"

"பாக்கலாம்."

விளம்பரம் முடிந்துவிட்டது.

மார்ச் 5, புதன்

அந்தப் 'பாக்கலாம்' எனக்குப் பிடிக்கவில்லை. பிடுங்கியே தீர வேண்டும் என்று நான் முடிவு செய்துவிட்ட பல்லைப் பற்றித்தான் நோயாளியிடம் 'பாக்கலாம்' என்பேன்.

மார்ச் 7, வெள்ளி

மகளுக்கு போன் செய்தேன். அம்மா எதற்கு வருகிறாள், எத்தனை நாள் இருப்பாள் என்று கேட்டேன்.

"அதை நீங்க அம்மாகிட்டயே கேக்கலாமே?"

"கேட்டேன். பாக்கலாம்ங்கிறா."

"அப்பா, நீங்க என்னைக்காவது அம்மாவோட பத்து நிமிஷம் சேர்ந்தாப்ல பேசியிருக்கீங்களா?" என்றாள்.

இதென்ன கேள்வி? கல்யாணமாகி முப்பத்தொரு வருடம். பத்து நிமிடமாவது வராமலா இருக்கும்? சாப்பிடும்போது யோசித்தேன். கல்யாணத்துக்கு முன் ஒருமுறை பேசிக்கொண்டிருந்தோம். அன்று பஸ் தாமதம்.

என்னைச் சொல்லியும் குற்றமில்லை. என் தொழில் அப்படி. கேள்வியைக் கேட்டுவிட்டு வாயில் பஞ்சை வைத்துவிடுகிறேன். முப்பது வருடமாக யாரும் எனக்குப் பதில் சொன்னதில்லை. பழகிவிட்டது.

மார்ச் 10, திங்கள்

நர்ஸம்மாவிடம் சொல்லவேண்டியதாகிவிட்டது. நான் காலையிலிருந்து மூன்று முறை தப்பான ஊசியை எடுத்ததால் அவரே கேட்டார். இருபது வருடமாக என்னோடு இருக்கிறார். என்னை வைத்து மேய்க்கிறார் என்று சொன்னாலும் தப்பில்லை.

"அம்மாகிட்ட பேச ஒரு விஷயம் வேணும் டாக்டர். உங்ககிட்ட பல்லைத் தவிர என்ன இருக்கு? அந்த சீரியலைப் பாருங்க. மத்தியானம் பன்னெண்டு மணிக்கு நம்ம டிவிலயே வருது. நோயாளிங்க எல்லாம் அதைத்தான் பாக்குறாங்க."

என் காத்திருப்பு அறையில் நான் மீன்கள் பற்றிய படம் போடச் சொல்லியிருந்தேன். மீன் எப்போது போனதாம்? "அது போய் நாலு வருஷம் ஆச்சு டாக்டர்."

மார்ச் 11, செவ்வாய்

பன்னிரண்டு மணிக்குக் கதவோரம் நின்று பார்த்தேன். அரை மணி நேரத்தில் நடந்தது இவ்வளவுதான்: குழாய் ஒழுகியது. பூட்டுக்கடைக்காரர் சரி செய்யப் பார்த்தார். முடியவில்லை. மனைவி வாளி வைத்தாள். தொடரும்.

இதற்கா நாலு வருடம்!

ஆனால் ஒன்று கவனித்தேன். வீட்டோடு இருக்கிற அந்தக் கோபக்கார அத்தை, பல்லை நறநறவென்று கடிக்கிற ஆள். தாடைத் தசையே சொல்கிறது. தூக்கத்திலும் கடிப்பாள். நடிப்பு என்றால் அதுதான் நடிப்பு. இல்லை, அந்த நடிகைக்கே அந்தப் பிரச்சினையா? அப்படியானால் யாராவது சொல்ல வேண்டுமே.

மார்ச் 13, வியாழன்

குழாய் இன்னும் ஒழுகுகிறது.

மார்ச் 14, வெள்ளி

குழாயைப் பெரியவர் சரி செய்துவிட்டார்! பூட்டுக்கடைக்காரரின் அப்பா, எப்போதும் இருமிக்கொண்டிருப்பவர். மகன் வெளியே போன நேரம் பார்த்து, யாரிடமும் சொல்லாமல் சரி செய்தார். மகன் வந்து பார்த்துவிட்டு, "நானே பண்ணேன்ல, அது மெதுவாத்தான் நிக்கும்" என்று பெருமை அடித்துக்கொள்கிறான். பெரியவர் ஆமாம் என்று தலையாட்டுகிறார். நான் அவசரமாக உள்ளே போய்க் கையைக் கழுவினேன். கழுவிய கையைத்தான் மறுபடி கழுவினேன்.

மார்ச் 17, திங்கள்

கணக்கு வாத்தியார் வந்தார். ரிட்டயர் ஆனவர், எதிலும் நூற்றுக்கு முப்பதுக்கு மேல் போடாதவர். காத்திருப்பு அறை டிவியைக் காட்டி, "டாக்டர், படிச்சவர் நீங்க. இந்த அழுகாச்சியை எல்லாம் போடலாமா?" என்றார்.

நாற்காலியில் படுக்கவைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, இரண்டு பக்கமும் பஞ்சு வைத்தேன். பிறகு ஆரம்பித்தேன்.

சார், அதில் யாரும் யாருக்கும் விஷம் வைப்பதில்லை. மாடிப்படியில் யாரும் உருள்வதில்லை. இரட்டைப் பிறவி இல்லை. ஒரு குழாய்க்கு நாலு நாள் எடுத்துக்கொள்கிறார்கள் என்றால், நம் வீட்டுக் குழாய்க்கு எத்தனை மாதம் எடுத்துக்கொண்டோம், சொல்லுங்கள்? அந்தக் கோபக்கார அத்தை ஏன் கோபக்காரி என்று ஒரு நாள் காட்டினார்கள் சார். காலையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து, எல்லோருக்கும் டீ போட்டு, தனக்கு மட்டும் டம்ளர் இல்லாமல் நிற்கிறாள். வீட்டில் அத்தனை டம்ளரும் மற்றவர்கள் கையில். ஒரு வார்த்தை வசனம் இல்லை. அவளை வில்லி என்று இனி யார் சொல்ல முடியும்? அப்புறம் அந்த வீட்டில் ஒருவர் ஒன்று கேட்டால், பதில் வரும்வரை காமிரா அங்கேயே நிற்கிறது. பூட்டுக்கடைக்காரர் மனைவியிடம் "என்னாச்சு?" என்று கேட்டார். பதினொரு விநாடி. நான் எண்ணினேன். அவரும் காத்திருந்தார், நானும் காத்திருந்தேன்.

வாத்தியார் "ங்ஆ... ங்ஆ..." என்றார். மறுக்கிறார் என்று நினைத்து இன்னும் விரிவாகச் சொன்னேன். அவருக்கு வலித்திருக்கிறது. நர்ஸம்மா வந்து என் தோளைத் தட்டினார்.

மார்ச் 19, புதன்

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

இன்று வேண்டுமென்றே சீக்கிரம் வந்தேன். சாப்பாட்டு மேஜையில், ஒரு வாரம் சேர்த்து வைத்ததை எடுத்துவிட்டேன். "பாவம் அந்த மூத்த மருமக. கொழந்தை இல்லன்னு எல்லாரும் எவ்வளவு பேசுறாங்க!"

அவள் கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது. "எந்த மருமக?"

"உன் சீரியல்ல."

"அவளுக்குப் பொறந்த கொழந்தை இப்ப தவழுதுங்க."

நான் விடவில்லை. "அப்புறம் அந்தப் பெரியவர். இருமலைப் பாத்தா சரியா படல. யாராவது நல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்."

"அவரு செத்து ஒன்றரை வருஷம் ஆச்சு!"

மத்தியானம் வருவது மறுஒளிபரப்பாம். பழைய கதையாம். எனக்கு யார் சொன்னார்கள்? பெரியவர் செத்துப்போனார் என்பதை இப்படிச் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாலா கேட்க வேண்டும்? என் முகம் எப்படிப் போயிற்றோ தெரியவில்லை, அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சும்மா சிரிப்பு இல்லை. மேஜையைத் தட்டி, கண்ணில் தண்ணீர் வர, வாயை முழுசாகத் திறந்து — இப்படிச் சிரித்து எத்தனை வருடமாயிற்று! எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அப்போதுதான் பார்த்தேன். மேல் வரிசை, இடது பக்கம், ஆறாவது பல். கேப் போட்டிருக்கிறது.

நான் போட்டதில்லை.

"இது யார் போட்டது?"

சிரிப்பு நின்றது. "பஸ் ஸ்டாண்டு பக்கத்து டாக்டர்."

சிரிப்பு டாக்டர்! போர்டில் தன் போட்டோவையே போட்டுப் பல்லைக் காட்டுகிறவன்! என் பொண்டாட்டி! என் பொண்டாட்டி அவன்கிட்ட போய் வாயைத் தொறந்திருக்கா! ரெண்டு வருஷத்துக்கு முந்தியாம். ரூட் கேனலாம். மூணு தடவை போய்ட்டு வந்தாளாம். நான் ஊர்ல இல்லையா? செத்தா போய்ட்டேன்?

"மூணு நாள் பல் வலிக்குதுன்னு உங்ககிட்டதான் சொன்னேன். 'நர்ஸம்மாகிட்ட நேரம் வாங்கிக்கோ'ன்னு சொல்லிட்டு பேப்பரைப் புரட்டுனீங்க. அவரு நாற்காலியைக் கிட்ட இழுத்துப் போட்டு உக்காந்து, எத்தனை நாளா வலிக்குதும்மான்னு கேட்டாரு."

அவ்வளவுதான் சொன்னாள். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தினமும் எதிரே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறாள். இரண்டு வருடமாக நான் எந்த வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்?

மார்ச் 20, வியாழன்

வேலையைச் சுத்தமாகச் செய்திருக்கிறான். ஓரத்தில் ஒரு பிசிறு இல்லை. அதுதான் எரிகிறது.

மார்ச் 21, வெள்ளி

பன்னிரண்டு மணிக்குப் பெரியவர் இருமிக்கொண்டே பேரனுக்குப் பட்டம் ஒட்டிக்கொடுத்தார். அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். பார்க்க முடியவில்லை. நர்ஸம்மாவிடம் மீனைப் போடச் சொன்னேன். காத்திருந்த ஆறு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். பெரியவரையே போடச் சொன்னேன்.

மார்ச் 24, திங்கள்

ஒரு பரிசோதனை. ஒவ்வொரு நோயாளியிடமும் பஞ்சு வைப்பதற்கு முன்னால் கேள்வி கேட்டேன். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். எவ்வளவு கஷ்டம் தெரியுமா இது! கை தானாகப் பல் பார்க்கும் கண்ணாடியைத் தேடுகிறது. லாரி டிரைவர் ஒருவர் முதலில் "ஒண்ணுமில்ல டாக்டர்" என்றார். நான் காத்திருந்தேன். பிறகு, பல் பிடுங்குவதென்றால் தனக்கு நடுக்கம், வாசல்வரை வந்து நாலு தடவை திரும்பிப் போயிருப்பதாகச் சொன்னார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆறு பேர் பார்க்க வேண்டிய நேரத்தில் மூன்று பேர்தான் பார்த்தேன். நர்ஸம்மா முறைத்தார்.

மாலை கணக்கு வாத்தியார் வந்தார், போன வாரம் போட்ட கேப் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க. போகும்போது, யாரும் கேட்காமலே, "அந்த அத்தை பாவம்தான்" என்றார்.

மார்ச் 26, புதன்

அவள் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துவிட்டாள். குளிர்கால உடுப்பும் வைக்கிறாள். குளிர்காலத்துக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. இதை எழுதிவைக்கிறேன், ஏனென்றால் சொல்ல வாய் வரவில்லை.

மார்ச் 28, வெள்ளி

ஏழு மணிக்கே கிளினிக்கைப் பூட்டினேன். எட்டு மணிக்கு அவளுக்குப் பக்கத்தில், சோபாவில் உட்கார்ந்தேன். இடம் மாறி உட்கார்ந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். டைட்டில் பாட்டு ஓடியது. கேட்டேன்.

"எதுக்குப் போற?"

"பொண்ணைப் பாக்கத்தான்."

நான் பேசவில்லை. பேப்பர் எடுக்கவில்லை. எண்ணவும் இல்லை.

அவள் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தாள்.

கூட நடக்கப் போகும் தோழி நவம்பரில் வீடு மாறிப் போய்விட்டாளாம். மூக்குக்கண்ணாடி மாற்றி ஐந்து மாதமாயிற்றாம். (பார்த்தேன். நீலச் சட்டம். நல்லாத்தான் இருக்கு.) மகள் கல்யாணமாகிப் போன மறுநாள், மூன்று தட்டு எடுத்துவைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைத்தாளாம். நான் எதிரேதான் உட்கார்ந்திருந்தேனாம். "வீட்ல ஆள் இருக்கிற மாதிரி இருக்கட்டும்னுதான் டிவியைப் போடுவேன். அப்புறம் பாத்தா, அதுல இருக்கிறவங்க ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கிறாங்க. அதுக்காகவே பாக்க ஆரம்பிச்சேன்."

"நீ வரலன்னா எனக்குத் தாங்காது" என்றேன். சினிமா வசனம் மாதிரி இருந்தது. ஆனால் உண்மை அதுதான், வேறு எப்படிச் சொல்வது?

அவள் அழுதாள். பிறகு, சிரிப்பு டாக்டர் போட்டோவில் இருப்பதைவிட நேரில் குள்ளம் என்றாள். எனக்கு அது ரொம்ப ஆறுதலாக இருந்தது.

நிமிர்ந்து பார்த்தால் டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருக்கிறது. இன்றைக்குப் பதினொன்றாம் நம்பர் வீட்டில் என்ன நடந்தது என்று எங்கள் இருவருக்குமே தெரியாது.

மார்ச் 30, ஞாயிறு

ரயில் ஏற்றிவிட்டேன். குளிர்கால உடுப்பு பெட்டியில்தான் இருக்கிறது. எப்ப திரும்பி வருவ என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

ஏப்ரல் 2, புதன்

வீட்டில் எட்டு மணிக்குத் தனியாகப் பார்த்தேன். இப்போது புதுக்கதையும் தெரியும், பழைய கதையும் தெரியும். நடுவில் ஒன்றரை வருடம் தெரியாது. முடிந்ததும் போன் செய்து கேட்டேன். நாற்பது நிமிடம் சொன்னாள். மகள் பின்னாலிருந்து, "அப்பாவா? நம்ம அப்பாவா?" என்று கேட்பது காதில் விழுந்தது.

ஏப்ரல் 4, வெள்ளி

மத்தியானம் பெரியவர் போய்விட்டார். தெரிந்தே பார்த்தேன். நர்ஸம்மா, நான், ஈறு வீங்கிய ஒரு தபால்காரர், மூன்று பேரும் அழுதோம். தபால்காரருக்கு மட்டும் வலி என்று ஒரு சாக்கு இருந்தது.

ஏப்ரல் 8, செவ்வாய்

இன்று அவளே கூப்பிட்டாள். அத்தை கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போனது சரியா தப்பா என்று அரை மணி நேரம் வாதம். நான் அத்தை பக்கம். அவள் பூட்டுக்கடைக்காரர் பக்கம். வீட்டைவிட்டுப் போனவளுக்காக நானும், வீட்டில் இருப்பவருக்காக அவளுமாக இருவரும் கட்சி மாறிவிட்டோம் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

வைக்கப்போகும் நேரத்தில், "கீழ வலது பக்கம் பல் கூசுது" என்றாள்.

முப்பது வருடப் பழக்கம், வாய் முந்திக்கொண்டது. "அங்கயே நல்ல டாக்டரா பாத்துக் காட்டிரு."

மறுமுனையில் சத்தம் இல்லை. என் தலையில் நானே குட்டிக்கொண்டேன். நல்ல வேளை, பொறுத்திருந்தேன்.

"ஏன், நீங்க பாக்க மாட்டீங்களா?" என்றாள். "சனிக்கிழமை சாயந்திரம் வண்டிக்கு வரேன். அதுவரைக்கும் தாங்கும்."

எத்தனை நாளா கூசுது என்று கேட்டேன். சொல்ல ஆரம்பித்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.