லாசரின் கொடி

ஜூன் 9

பகல் முழுக்கப் புழுக்கம். ஏலத்தில் மீன் விற்ற கையோடு ஐரீன் எங்கள் பத்திரிகை அலுவலகத்துக்கு வந்தார். அவர்கள் குப்பத்துக் கரையைக் கன்டெய்னர் லாரி நிறுத்த அரசு எடுக்கப் போகிறதாம். படகு ஏற்ற வேறு இடம் இல்லை. அடுத்த மாதம் கோட்டாட்சியர் விசாரணை. கையில் பட்டா கிடையாது, ஒரு கதைதான் இருக்கிறது. 1947 ஆகஸ்ட் 14 மாலை ஐரீனின் தாத்தா லாசர் கட்டுமரத்தில் போய் நடுக்கடலில் மூவர்ணக் கொடி ஏற்றினார். நாட்டிலேயே முதல் கொடி அது. இன்றும் ஆண்டுதோறும் அதே மாலை படகுகள் கொடியோடு போகின்றன.

பத்திரிகையில் வந்தால் கரை தப்பும் என்கிறார். 'நாட்டிலேயே முதல்' என்று எழுத மாட்டேன், மற்றதை விசாரிக்கிறேன் என்றேன்.

ஜூன் 14

நேரில் பார்த்தவர் ஒருவர் இருக்கிறார். ஜெபசிங், துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டியவர், வயது எண்பத்தேழு. கேட்டதும் சிரித்தார்.

"இன்னா மூவர்ணம்? நீலக் கொடி நைனா. மறுநாளு மாதா திருநாளு. கடல மந்திரிக்க மாதா கொடிய எட்த்துகினு போனாரு லாசரு."

ஆகஸ்ட் 15 மாதா விண்ணேற்புப் பெருவிழா. ராயபுரத்திலேயே பிறந்த எனக்கு இது தோன்றவில்லை! சீனச் சண்டை சமயத்தில் மாதா கொடியோடு தேசக் கொடியும் கட்டினார்களாம். பிறகு நீலம் நின்றுவிட்டது. எந்த வருடம் என்று அவருக்கு நினைவில்லை.

ஜூன் 15

நீலத்துக்கு ஒரே சாட்சி. போதுமா? — போதும்.

ஜூன் 17

ஐரீனிடம் சொன்னேன். கூடையை இறக்கி வைத்தார். பிறகு: "தேசக் கொடின்னா கை வெக்க பயப்படுவான்ணா. மாதா கொடின்னா, போய் உங்க கோயில்ல ஏத்துங்கம்பான்."

தவறாகச் சொல்லவில்லை அவர்.

எதுவும் உறுதி கொடுக்காமல் வந்தேன். ஜெபசிங் விசாரணையில் பேசட்டும், அதோடு சேர்த்துப் போடலாம் என்றார் செய்தி ஆசிரியர் கருணாகரன்.

ஜூலை 8

விசாரணை. எந்தக் கொடி என்று கோட்டாட்சியர் பொறுமையாகவே கேட்டார். ஜெபசிங் என் பக்கம் திரும்பவில்லை. "மூவர்ணம் சார். நடுவுல சக்கரம். என் கண்ணால பாத்தேன்."

வெளியே டீக்கடையில் கேட்டேன். கோபப்படவில்லை.

"அன்னிக்கு உன்கிட்ட சொன்னேன், இன்னிக்கு அவருகிட்ட சொன்னேன். கரையே போச்சுன்னா எந்தக் கொடியா இருந்தா இன்னா? எதுனா எழுதிக்கோ நைனா."

டீக்கு அவரே காசு கொடுத்தார்.

ஜூலை 9

விசாரணையில் சொன்னதை, 'சொன்னார்' என்றே எழுதினேன். முன்பு என்னிடம் சொன்னதைக் கடைசிப் பத்தியில் வைத்தேன். கருணாகரன் அதை எடுத்துவிட்டார். சொன்னவரே மாற்றிச் சொன்ன பிறகு அதற்கு யார் சாட்சி என்று கேட்டார்.

பெரிய தேசங்களின் முதல் அத்தியாயங்களிலும் இப்படி எத்தனை பேர் இருப்பார்கள்? ஒரு முற்பகலில், நல்ல காரணத்துக்காக, நிறத்தை மாற்றிச் சொன்னவர்கள். நாம் அதை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியிருப்போம்.

ஜூலை 29

ஆணை வந்துவிட்டது. கரையைத் தொட மாட்டார்கள், லாசருக்கு நினைவிடம், கல்வெட்டு. ஐரீன் வஞ்சிரம் அனுப்பினார். திருப்பி அனுப்பினேன். மறுபடி வந்தது. குழம்பு வைத்தோம்.

ஆகஸ்ட் 14

கரைக்குப் போயிருந்தேன். படகுகள் எல்லாவற்றிலும் மூவர்ணம். ஜெபசிங்குக்கு முன்வரிசையில் நாற்காலி. பக்கத்தில் ஐரீன், அடுத்து நான்.

லாசர் கொடியைப் பற்றி அவர் ஐரீனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பச்சைத் துணி எங்கும் கிடைக்கவில்லையாம். லாசரின் மனைவி தன் சேலையைக் கிழித்துத் தைத்தாராம். காற்றில் விரியும்போது ஓரத்து ஜரிகை மின்னியதாம். பொய் சொல்லும் முகமாகத் தெரியவில்லை. கடலைப் பார்த்தபடி, ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துச் சொன்னார். விசாரணையில் இதெல்லாம் சொல்லவில்லை.

ஐரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கிழித்தது போக மீதிச் சேலை ரொம்ப நாள் வீட்டுப் பெட்டியில் இருந்தது, சின்ன வயதில் தொட்டுப் பார்த்திருக்கிறேன் என்றார், ஜூனில் கதையைத் தவிர கையில் எதுவும் இல்லை என்றவர்.