ஆடு கடித்த கொப்பு

உம்முடைய தம்பி நேற்று வந்து கமராப் பையைத் தந்துவிட்டுப் போனார். "அக்கா சொன்னவ, இது உங்களுக்குத்தான் எண்டு." தேத்தண்ணி கூடக் குடிக்கவில்லை, பஸ்ஸுக்கு நேரமாம். பையைத் திறந்ததும் முதலில் கையில் தட்டுப்பட்டது கமரா இல்லை, உடுப்புக் கொடியில் போடும் மரக் கிளிப். உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்து, அதன் வாயில் இன்னும் ஒரு பச்சைக் கறை. உம்மைச் சேமக்காலையில் அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றுகூட வராத அழுகை, அந்தக் கிளிப்பைப் பார்த்து வந்தது.

சோளகக் காற்று தொடங்கினால் எங்கள் தீவுகளில் ஒரு பூவும் கண் இமைக்கும் நேரத்துக்கு அசையாமல் நிற்காது. பூச்சியைக் கிட்டத்தில் படம் எடுப்பவருக்கு அதைவிடப் பெரிய கோதாரி இல்லை. ஒரு தடியை நிலத்தில் குத்தி, அதோடு செடியைக் கிளிப்பால் பிடித்து நிறுத்தலாம் என்று கண்டுபிடித்தவர் நீர்தான். அம்மாவின் கொடியில் இருந்து களவெடுத்த கிளிப் என்று நீரே சொல்லிச் சிரித்தீர்.

மாதத்தில் ஒரு ஞாயிறு, நாங்கள் நாலு பேர். ஊர்காவற்றுறையில் கடலுக்குப் போகும் வீட்டில் பிறந்து நேர்ஸாக வேலை செய்த நீர். வேலணையில் மருந்து விற்கும் பாமசி வைத்திருக்கும் நான். ஓட்டோ ஓடும் வரதன் அண்ணை. நயினாதீவில் இருந்து படகேறி வரும் ஐயா. உமக்கும் காலையில் மாதா கோயிலில் பூசை, ஐயாவுக்கும் காலையில் அம்மன் கோயிலில் பூசை, இரண்டும் முடிந்த பிறகுதான் எங்கள் பூச்சிகளுக்கு முறை வரும். ஒருநாள் சாட்டிக் கடற்கரையில் ஐயா வேட்டியை மடித்துக் கட்டி, ஒரு குழிப்பூச்சிக்கு முன்னால் மணலில் குப்புறப் படுத்துக் கிடந்தார். குளிக்க வந்த சனம் அவர் மயங்கி விழுந்துவிட்டார் என்று தண்ணீரோடு ஓடி வந்ததே, நினைவிருக்கா? அவர் தலையைத் தூக்காமலே, "தண்ணியை வைச்சிட்டுப் போங்கோ, அசையாதையுங்கோ," என்றார்.

என்னைப் பொறுமையில்லாதவள் என்று ஊருக்கே தெரியும். அப்படிப்பட்ட என்னை முதன்முதலில் ஒரு வேலிக் கதியால் தடிக்கு முன்னால் இருத்தி, உம்முடைய கமராவைத் தந்தீர். கதியாலில் அரிசி அளவில் ஒரு சிலந்தி. கண்ணாடிக்குள் பார்த்தால் எட்டுக் கண். முன்னால் இருந்த பெரிய இரண்டும் நேரே என்னைத்தான் பார்த்தன. அது தலையைக் கொஞ்சம் சரித்தது. "ஐயோ, அது என்னை யாரெண்டு பாக்குது," என்றேன். "ஓம், உம்மைப் பாத்தால் ஆருக்கும் கேள்வி வரும்தானே," என்றீர். நான் படம் எடுக்க மறந்து போனேன். இத்தனை வருடம் இதே வேலிக்குப் பக்கத்தால் நடந்து போனவள், ஒருவரையும் கண்டதில்லையே.

உமக்கு ஒரே ஒரு சட்டம்தான். "காத்தைப் பிடிக்கலாம், இலையைப் பிடுங்க ஏலாது." படம் வடிவாய் வர வேண்டும் என்று ஒரு புல்லைக்கூட வெட்டக் கூடாது.

பிறகு சாட்டியில் மஞ்சள் பூவோடு நின்ற அந்த ஆவரசம் பற்றை. "கெதியா வாரும், சத்தம் போடாதையும்," என்று கூப்பிட்டீர். இலைப் பச்சையில் ஒரு சிலந்தி, காலெல்லாம் முள்ளு முள்ளாய், தன் முட்டைப் பொதியைக் கட்டிப்பிடித்தபடி. எல்லோரும் முறை வைத்துப் பார்த்தோம். பிறகு நீங்கள் மூவரும் சோடா குடிக்கப் போனீர்கள். நான் மட்டும் என் கமராவோடு நின்றேன்.

எனக்கு முன்னால் அதே பற்றையின் ஒரு சின்னக் கொப்பு. படத்துக்குக் குறுக்கே ஊத்தைக் கறை மாதிரி விழுந்தது. கைப்பையில், கடையில் மருந்துக் குளிசைப் பட்டை வெட்டும் கத்தரிக்கோல் இருந்தது. ஒரே வெட்டு. அந்தக் கொப்பில்தான் பொதியின் நூல்கள் கட்டியிருந்தன என்று எனக்குத் தெரியாது. பொதி சரிந்து, இரண்டு மூன்று நூலில் தொங்கியது. அந்தத் தாய் ஓடவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அதோடு சேர்ந்து ஆடியது.

நீர் வந்து, "என்ன நடந்தது?" என்று கேட்டீர். "தெரியேல்லை, நான் பாக்கேக்கை இப்பிடித்தான்," என்றது என் வாய். விழுந்து கிடந்த கொப்பைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தீர். "ஆடு கடிச்சிருக்கும்," என்றீர். "சாட்டி ஆடுகள் ஒண்டையும் விடாது."

கமராவை எடுத்து ஒரு படம் எடுத்தீர். பிறகு அந்தக் கொப்பைப் பழைய இடத்திலேயே கிளிப்பால் பிடித்துவிட்டு மணலில் இருந்தீர். எங்களையும் இருக்கச் சொன்னீர். கடைசிப் படகுக்கு நேரமாகுது என்று ஐயா மூன்று தரம் சொன்னார், ஆனால் எழும்பவில்லை. கனநேரத்துக்குப் பிறகு அது ஒரு காலை நீட்டி அந்தக் கொப்பைத் தொட்டுப் பார்த்தது. ஒரு நூலை ஒட்டியது. திரும்பிப் போய்ப் பொதியில் ஒட்டியது. பிறகும் ஒன்று. பிறகும் ஒன்று. "அம்பாளே," என்றார் ஐயா. வெட்டிய கையை நான் மடிக்குள் ஒளித்து வைத்திருந்தேன்.

அந்தப் பொதி பிழைக்குமா என்பதுதான் பிறகு என் ஒரே யோசனை. பாமசியில் ஆரும் கைக்குழந்தையோடு வந்தாலே மிச்சக் காசைப் பிழையாய்க் கொடுப்பேன். வரதன் அண்ணை காணும் நேரமெல்லாம் ஆடுகளைத் திட்டுவார். நானும் கூடச் சேர்ந்து திட்டினேன், வெட்கம் கெட்டவள்.

ஒருநாள் காலையில் நீர் போன் எடுத்து, "கடையைப் பூட்டிப்போட்டு உடனை வாரும்," என்றீர். ஓடி வந்தேன். தாய் வற்றி, வயிறு ஒட்டிப்போய் இருந்தது. அதே இடத்தில், அதே கொப்பில். தன் வாயாலேயே பொதியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழித்தது. ஒரு செம்மஞ்சள் புள்ளி வெளியே வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு எண்ண ஏலாமல் போயிற்று. தாயின் முள்ளுக் காலில் ஏறி, நூலில் இறங்கி, காற்றில் கை நீட்டி! கடவுளே, அவ்வளவு பேரும் ஒரு கடலைப் பருப்பளவு பொதிக்குள் இருந்தார்கள். பக்கத்தில் உம்முடைய கமரா ஒருதரம் சத்தம் போட்டது.

"அண்டைக்கு அந்த ஆடு..." என்று தொடங்கினேன்.

"ஆட்டை விடும். இதைப் பாரும்," என்றீர்.

"இதை எடுத்தனீரோ?"

"எடுத்தனான், எடுத்தனான்."

எத்தனை தரம் கேட்டும் அந்தப் படத்தை நீர் காட்டவில்லை. பிறகு மருந்துக்குக் கேளாத வருத்தம் வந்து உம்மைப் படுக்கையில் போட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து எத்தனையோ கதைத்தேன், இதை மட்டும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்று காலை கமராவில் இருந்த மெமரிக் காட்டை எடுத்து லப்டொப்பில் போட்டேன். சாட்டிப் படங்கள் இருந்தன. முதலாவது, அந்தக் கொப்பின் அறுந்த நுனி. மிகக் கிட்டத்தில். சரிவாய், மழுமழுவென்று, பல் பட்ட தடமே இல்லை. பாமசிக் கத்தரிக்கோல் ஒன்றுதான் அப்படி வெட்டும். உமக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

குஞ்சுகள் வந்த நாளில் ஒரே ஒரு படம்தான் எடுத்திருக்கிறீர். அதில் சிலந்தி இல்லை, குஞ்சு இல்லை. என் கண். இமை மயிரில் ஒரு துளி தொங்குகிறது. கருமணிக்குள் ஆவரசம் பற்றை முழுக்கத் தெரிகிறது. அத்தனை பெரிய அதிசயம் முன்னால் நடக்க, விசரி, நீர் திரும்பி என்னைப் பார்த்திருக்கிறீர்.

ஓம், நான்தான் வெட்டினனான்.

இந்த ஞாயிறு சாட்டிக்குப் போகிறோம். வரதன் அண்ணைக்கும் ஐயாவுக்கும் சொல்லிவிடுவேன், பாவம் அந்த ஆடுகள். கத்தரிக்கோல் கடையிலேயே கிடக்கட்டும். கிளிப்பை நான் கொண்டு போகிறேன்.